மாமாவின் 407: பின்கட்டில் வைத்தே சரிசெய்து காடு மேடு சுற்ற முடியுமா?

பின்கட்டுக்காரன் | ஜனவரி 11, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போனவன், முதல் முறையாக இழை தொடங்குகிறேன்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் பள்ளத்தூரில் எங்கள் வீடு, இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் போல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்தெரு வாசலை ஒட்டி ஒரு கொட்டகை. ஐயா காலத்தில் வில்வண்டி நின்ற இடம். இப்போது அங்கே நிற்பது மாமாவின் டாடா 407 சின்ன லாரி, 1994 மாடல். மாமா தவறி நாலு வருடம் ஆகிறது. வண்டி ஓடி ஆறு வருடம். கேபின் மேல் கோவைக்கொடி படர்ந்து கண்ணாடிக்குள்ளேயே எட்டிப் பார்க்கிறது. அத்தை போன மாதம், "இரும்புக்கடைக்காரன் விலை கேட்டுவிட்டுப் போனான், நீ எடுத்துக்கொள்கிறாயா, அனுப்பிவிடட்டுமா?" என்றார். எடுத்துக்கொண்டேன்.

என் திட்டம் இது. வண்டியை நாலு அங்குலம் தூக்குவது, பெரிய டயர், முன்னால் கம்பி பம்பர், கூரையில் ஆறு லைட். பின்னால் மூடிய அறை ஒன்று கட்டி அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. பின்கட்டு ஓடு சரிந்தபோது இறக்கிய பர்மாத் தேக்குப் பலகைகள் கிடக்கின்றன, தளத்துக்கு அதையே போடலாம் என்று ஆசை. வார நாளில் மதுரையில் வேலை, சனி ஞாயிறுதான் ஊரில் இருப்பேன். வைகாசியில் பங்காளி வீட்டுக் கல்யாணம், சமையல் கொட்டகை அங்கேதான் போட வேண்டுமாம். அதற்குள் வண்டி தானாக ஓடி வெளியே போயாக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

செம்மண் சக்கரம் | ஜனவரி 11, இரவு 10.05

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். நீங்கள் கோவைக்கு 407 கொடுத்திருக்கிறீர்கள்!

அருமையான திட்டம் அண்ணே. ஸ்பிரிங்குக்கு அடியில் பிளாக் வைத்துத் தூக்கிவிடலாம், ஒரு நாள் வேலை. லைட் பார் நான் வாங்கித் தருகிறேன்.

லேத்துக்கடை | ஜனவரி 12, காலை 6.10

தம்பி, லைட் பாரை அந்தத் தம்பியிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தேவகோட்டையில் முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறேன். 407 வந்தது 1986இல். அன்றிலிருந்து இந்தப் பக்கத்தில் நெல், வைக்கோல், செங்கல், கல்யாணச் சாமான் எல்லாம் இதன் முதுகில்தான். ஆகவே உதிரிக்குக் கவலையே இல்லை, திருச்சிக்கோ மதுரைக்கோ போனால் ஒரே மாலையில் எல்லாம் வாங்கிவிடலாம். நல்ல வண்டியைத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பட்டியல் கூரையில் தொடங்குகிறது. வண்டியைக் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும்.

ஒரு சுத்தியல் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், இரண்டு பக்கமும் முன்னிருந்து பின்வரை ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்றால் இரும்பு. பொத்தென்றால் துரு. பொத்தென்ற இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுப் படம் அனுப்புங்கள். பட்டை ஸ்பிரிங் மாட்டும் பிராக்கெட், கேபின் மௌன்டிங், மிதிபலகைக்கு மேலே உள்ள மூலை, இந்த மூன்றும் கட்டாயம்.

இன்னொன்று. கொட்டகைத் தரை மண்ணாக இருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். செம்புறாங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் முட்டுக் கொடுக்கவே கூடாது. கல் பார்க்கப் பெரிதாக இருக்கும், ஒரு விரிசல் போதும், சொல்லாமல் நொறுங்கும். நல்ல கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள், இல்லையென்றால் நாலு ஸ்டாண்ட் வாங்குங்கள். உங்கள் செலவுப் பட்டியலில் முதல் வரி அதுதான்.

ஃபாரம் முப்பத்தொன்று | ஜனவரி 12, மாலை 7.30

நான் வாகனப் பத்திர வேலை பார்க்கிறவன். இந்த மாதிரி இழைகளில் என் முறை எப்போதும் கடைசியில் வரும், அதற்குள் ஆள் பாதிப் பணத்தைச் செலவழித்திருப்பார். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஆர்.சி. இன்னும் மாமா பெயரில் இருக்கும் என்று நினைக்கிறேன். உரிமையாளர் இறந்தால் 30 நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் ஃபாரம் 31இல் பெயர் மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. நாலு வருடம் ஆகிவிட்டது. வாரிசுச் சான்றும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வாங்கி அத்தை பெயருக்கு மாற்றுங்கள், பிறகு உங்கள் பெயருக்கு. வரி பாக்கி, எஃப்.சி. (தகுதிச் சான்று), பர்மிட், இன்ஷூரன்ஸ் எல்லாம் செத்திருக்கும். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் ஏறியது, 2025 நவம்பரில் மறுபடியும் ஏறியது. இதையெல்லாம் கூட்டிப் பார்த்து, கட்டுப்படியாகும் என்றால்தான் ஸ்பேனரைத் தொடுங்கள்.

அடுத்தது நீங்கள் ஆசைப்படும் மாற்றங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. முன்னால் வைக்கும் கம்பி பம்பர் அந்தப் பிரிவுக்கு எதிரானது என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மூடிய அறை கட்டினால் சரக்கு வண்டி என்ற வகையே மாறுகிறது. அதற்குத் தனி அனுமதி, தனித் தரம். விபத்து நடந்து, சொல்லாமல் செய்த மாற்றம் தெரிந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

பழைய வண்டி என்பதால் விண்டேஜ் பதிவு கிடைக்குமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். அது 50 வருடம் தாண்டிய வண்டிக்கு. 1994 இன்னும் பிள்ளை.

ஒரே ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியைச் சாதாரண கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. 407 அதற்குள் வரும்.

பின்கட்டுக்காரன் | ஜனவரி 18, இரவு 8.15

பத்திரம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் சோர்ந்து போனேன். அத்தை, "பேர் மாற்றுவதுதானே, கையெழுத்துப் போட என் பிள்ளைகள் யாரும் சிங்கப்பூரில் இல்லையே, காரைக்குடியில்தானே இருக்கிறார்கள்" என்றார். வேலை தொடங்கிவிட்டது.

சுத்தியல் சோதனையும் ஆயிற்று. சாக்பீஸ் வட்டம் பதினேழு. படங்கள் இணைத்திருக்கிறேன். மாமா கடைசியாக ஒரு பட்டறையில் பணம் கொடுத்துக் கீழே முழுக்கத் தார் போன்ற கறுப்புப் பூச்சு அடித்திருந்தார். பார்க்கப் புதிது போல இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன், அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. உள்ளே இலை இலையாகத் துரு. பட்டறைக்காரர் துருவைச் சுரண்டவே இல்லை, அதன் மேலேயே அடித்துவிட்டார். மாமா இந்த வண்டியைத் துடைக்காமல் தூங்கமாட்டார். அவரை ஏமாற்றியது எனக்கு வண்டி போனதைவிட வலிக்கிறது.

தொண்டிக் காற்று | ஜனவரி 18, இரவு 9.02

படம் 4ஐயும் படம் 9ஐயும் பெரிதாக்கிப் பார்த்தேன். சேஸிஸின் வெளிப்பக்கம் பரவாயில்லை. உள்பக்கமும், இரண்டு தகடு ஒட்டும் இடமும் ஊதி விரிந்திருக்கின்றன. லோடு பெட்டியின் பலகை இடுக்குக்கு நேர் கீழே கோடு கோடாக அரித்திருக்கிறது. மழைத் தண்ணீர் இப்படி அரிக்காது. இந்த வண்டி உப்பு லோடு அடித்திருக்கிறது. இல்லையென்றால் கருவாடு. அத்தையிடம் கேளுங்கள்.

பின்கட்டுக்காரன் | ஜனவரி 19, காலை 7.20

கேட்டேன். மாமா வாங்கும் முன்பு மூன்று வருடம் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் ஓடியதாம். "அதனால்தான் விலை குறைச்சுத் தந்தான்" என்றார். உங்களுக்கு எப்படித் தெரிந்தது!

தொண்டிக் காற்று | ஜனவரி 19, காலை 8.45

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி சொல்லிக் கொடுத்தது.

இனி கவனமாகக் கேளுங்கள். உப்புத் துருவும் மழைத் துருவும் ஒன்றல்ல. உப்பு, துருக் குழியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மேலே கம்பி பிரஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கி அன்றைக்கே பிரைமர் அடித்தால், அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பெயிண்டுக்கு அடியிலேயே வேலையைத் தொடரும். ஒரு மழைக்காலம் போனால் கொப்புளம் கொப்புளமாக வரும்.

செய்ய வேண்டியது இது. இலைத் துருவை உளியால் தட்டி எடுங்கள். கிரைண்டரில் கம்பி வீல் மாட்டிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு சோப்புத் தூள் கலந்த வெந்நீர் ஊற்றி நார் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள், நல்ல தண்ணீரில் அலசுங்கள், வெயிலில் காய விடுங்கள். ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் குழிக்குள் ஆரஞ்சுப் பொட்டு திரும்ப வந்திருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவுங்கள். பொட்டு வராத காலைவரை இதே வேலைதான். எங்கள் படகு இன்ஜின் ஸ்டாண்டுக்கு ஐந்து முறை ஆனது.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் அலசாதீர்கள். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீர் என்று பெருமை அடிப்பீர்களே, அதைக் கொஞ்சம் வண்டிக்கும் காட்டுங்கள்.

ஆராய்ச்சி ரோடு | ஜனவரி 19, மதியம் 1.30

தொண்டி நண்பர் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் துருவோடு சம்பந்தப்பட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். வேடிக்கை என்னவென்றால், துருவையே படிக்க ஒரு நிறுவனம் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்கக் கடற்காற்று வேண்டுமென்று ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஒரு கூடமும் வைத்திருக்கிறார்கள். உங்கள் மாமா அதே சோதனையை ஒரு 407 வைத்துச் செய்திருக்கிறார்.

இரண்டு தகடு சேரும் இடம் ஏன் விரிகிறது என்றால், துருவுக்கு அது பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். போல்ட்டையே அறுக்கும் அளவு தள்ளும். அந்த இடத்தில் மேலே மட்டும் சுரண்டிப் பயனில்லை. ரிவெட்டை எடுத்துத் தகடுகளைப் பிரித்தே ஆக வேண்டும்.

கழுவிய பிறகு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவுங்கள். பித்தளைக் குடத்துக்குப் புளி போடுகிறோமே, அதே கதைதான், கொஞ்சம் முரட்டுப் புளி. கையுறையும் கண்ணாடியும் அவசியம். காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட். ரெட் ஆக்ஸைடு மட்டும் அடித்துவிட்டு மாதக்கணக்கில் விடாதீர்கள். அதன் வழியாக ஈரம் உள்ளே போகும். பார்க்கச் சிவப்பாக இருப்பதால் நாமும் ஏமாந்துவிடுவோம்.

செம்மண் சக்கரம் | ஜனவரி 19, இரவு 9.10

எங்கள் ஊர் மெக்கானிக் பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து சேஸிஸ் முழுக்க ஸ்ப்ரே பண்ணுவார். பைசா செலவில்லை. எத்தனை லாரி இன்றைக்கும் ஓடுகிறது!

லேத்துக்கடை | ஜனவரி 20, காலை 6.00

ஓடுகிறது, மறுக்கவில்லை. உப்புப் படாத லாரிக்கு அது நடக்கும். ஆனால் நம் செம்மண் புழுதி அந்த ஆயிலில் ஒட்டிக் களிமண் பூச்சாகிவிடும், பிறகு ஒரு நட்டைக் கழற்ற அரை மணி நேரம் சுரண்ட வேண்டும். பிரேக் ஹோஸ் ரப்பரிலும் பட்டு ஊற வைக்கும். கொட்டகைத் தரையில் சொட்டினால் ஆச்சிமார்கள் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசியுங்கள். பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகு மூடிய இடுக்குகளுக்குள் மெழுகு ஸ்ப்ரே அடித்தால் போதும்.

பின்கட்டுக்காரன் | பிப்ரவரி 23, இரவு 10.30

ஐந்து வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். தைப்பூசம் தவிர எல்லாச் சனி ஞாயிறும் வண்டிக்கு அடியில்தான்.

ஆரஞ்சுப் பொட்டு நாலாவது கழுவலுக்குப் பிறகுதான் நின்றது. அந்த நாலாவது காலை டார்ச் எடுத்துக்கொண்டு பல் கூட விளக்காமல் ஓடியதை அப்பத்தா பார்த்துவிட்டு, "யாருக்குடா பிரசவம்?" என்று கேட்டார்.

பதினேழு வட்டத்தில் பதினொன்று வெறும் மேல் துரு. நாலு இடத்தில் தகடு பிரித்து எடுத்தோம். இரண்டு இடத்தில், பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்கு முன்னால், சுத்தியல் உள்ளேயே போய்விட்டது. லேத்துக்கடை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து பார்த்துவிட்டு, "இதை வீட்டில் தொடாதே" என்று சொல்லிவிட்டார். வண்டியை இழுத்துக்கொண்டு போய் ஒரு சேஸிஸ் வேலைக்காரரிடம் விட்டோம். அவர் அரித்த பகுதியை வெட்டி, உள்ளே சேனல் வைத்து, சேஸிஸின் நடுச்சுவரில் மட்டும் துளை போட்டு போல்ட் அடித்தார். மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒரு துளை கூட இல்லை. வளையும் பாரம் முழுக்க அந்த விளிம்புகளில்தான் விழுகிறது, அங்கே துளை போட்டால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும் என்றார்.

கேபின் தரை என் கைவேலை. 1.2 மில்லிமீட்டர் தகடு வாங்கி, அட்டையில் அளவு வெட்டி, தட்டி வளைத்தேன். வெல்டிங் மட்டும் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் செய்தான். வெல்டு வைக்கும் முன் பேட்டரி இரண்டு முனையையும் கழற்றினோம். டீசல் டேங்க் ஏற்கெனவே இறக்கிக் கிணற்றடியில் கிடந்தது. மிதிபலகை மூலையில் போன ஆள் அரை அங்குலம் பட்டி போட்டு, நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இழைத்து வைத்திருந்தார். தட்டினேன், மொத்தமாகக் கையில் வந்தது. உள்ளே பழைய சாக்குத் துணி!

வண்டியைத் தூக்கும் ஆசை போய்விட்டது. பம்பர் ஆசையும். பணமும்தான்.

ஃபாரம் முப்பத்தொன்று | பிப்ரவரி 24, காலை 9.15

ஆசைகள் போன வரிசைதான் சரியான வரிசை.

பின்கட்டுக்காரன் | மார்ச் 9, இரவு 9.00

இன்ஜின் ஓடிவிட்டது. 497 இன்ஜின், நாலு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர், 2,956 சி.சி. ஆறு வருடம் தூங்கியதை எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்கவில்லை. நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து, கையால் சுற்றிப் பார்த்தோம், சுற்றியது. டேங்க்கில் இருந்த டீசல் வார்னிஷ் போல இருந்தது. டேங்க், லைன், ஃபில்டர் எல்லாம் சுத்தம் செய்து, நாசிலும் பம்ப்பும் கடையில் கொடுத்துக் கேலிபரேஷன் பார்த்து, மாட்டி, ஏர் எடுத்து, மூன்றாவது முறை செல்ஃபில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. வயரிங்கை எலி தின்றிருந்தது, அது தனிக் கதை, சொல்லி உங்களைக் கொல்லவில்லை.

ஒரு கேள்வி. இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வை மெக்கானிக் கழற்றித் தூக்கிப் போடச் சொல்கிறார். "நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" என்கிறார்.

செம்மண் சக்கரம் | மார்ச் 9, இரவு 9.25

கழற்றுங்கள் அண்ணே. என் வண்டியில் அதெல்லாம் கிடையாது. ஹீட்டே ஆகாது.

லேத்துக்கடை | மார்ச் 10, காலை 6.05

ஹீட்டே ஆகாது, அதுதான் குறை. இன்ஜினுக்கு ஒரு சூடு வேண்டும். சூடு ஏறாமல் ஓடினால் ஆயில் கெட்டியாகவே இருக்கும், டீசல் முழுதாக எரியாது, லைனர் சீக்கிரம் தேயும். வால்வு சிக்கிக்கொண்டு இன்ஜின் கொதித்த காலத்தில் யாரோ தொடங்கிய பழக்கம் இது, இன்றைக்கும் பையன் பையனாகப் போய்க்கொண்டிருக்கிறது. புது வால்வை ஒரு பாத்திரத்தில் வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள். கூலன்ட் ஊற்றுங்கள், போர் தண்ணீர் வேண்டாம். கொதிப்பதற்கு உண்மையான காரணம் உள்ளே படிந்த உப்புக்காரைதான்.

மெக்கானிக் கோபித்துக்கொள்வார். டீ வாங்கிக் கொடுங்கள்.

கொல்லிமலை இறக்கம் | மார்ச் 10, காலை 11.40

இன்ஜின் ஓடியதும் எல்லோரும் பாடி வேலைக்குத் தாவுவார்கள். தாவாதீர்கள், பிரேக்கைப் பாருங்கள். நான் நாமக்கல் பக்கத்து ஆள். எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள மலையில் லோடு ஏற்றி இறக்குகிறவன்.

நாலு டிரம்மும் பிரியுங்கள். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். வீல் சிலிண்டர் உள்சுவரில் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம், சிலிண்டரையே மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டரும் அப்படித்தான். இரும்பு பைப்களை உப்பு தின்றிருக்கும், மொத்தமாகப் புதுசு போடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து தண்ணீரைக் குடிக்கும். ஆறு வருட ஆயிலோடு மலை இறங்கினால், சூட்டில் அந்தத் தண்ணீர் ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும். ஒருமுறை எனக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு மலைப்பக்கம் இருந்த ஒரு மண்மேடு என் குலதெய்வம்.

அப்புறம், 407இல் பிரேக் பூஸ்டர் வேக்குவத்தில் வேலை செய்கிறது. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டினால் இரண்டு மூன்று மிதியோடு உதவி தீர்ந்துவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

பின்கட்டுக்காரன் | மார்ச் 30, இரவு 8.50

பிரேக் மொத்தமும் புதுசு. கிங்பின், ஸ்டியரிங் பால் ஜாயின்ட், கிளட்ச் பிளேட்டும் மாற்றியாயிற்று. இதுவரை செலவானதில் முக்கால்வாசி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "மூணு மாசமா என்னதான் பண்றே, அப்படியேதான் இருக்கு" என்கிறார்கள்.

பெயிண்ட் பி.யூ. (பாலியூரித்தேன்) அடிக்க நினைத்திருந்தேன். ஆராய்ச்சி ரோடு ஐயா தனிச் செய்தியில் தடுத்துவிட்டார். அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறதாம், துணி மாஸ்க் போட்டுக்கொண்டு வீட்டுக் கொட்டகையில் ஸ்ப்ரே செய்தால் ஆஸ்துமாவை விலைக்கு வாங்குவது போல என்றார். அதனால் சாதாரண சின்தெடிக் எனாமல், நல்ல பிரஷ், நாலு அங்குல ரோலர். கிட்டே போனால் பிரஷ் கோடு தெரியும். பத்தடி தள்ளி நின்றால் அழகு. மாமா காலத்து நீலமே.

இப்போது பின்பக்கம். மூடிய அறை இல்லை என்று முடிவாகிவிட்டது. தேக்குப் பலகை பற்றிச் சொல்லுங்கள்.

ஆத்தங்குடிப் பூக்கல் | மார்ச் 30, இரவு 9.30

தேக்கு எதற்கு, எங்கள் ஊர்ப் பூக்கல் பதித்துவிடலாமே. ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு கல் உடையும், வியாபாரமும் நடக்கும்.

லேத்துக்கடை | மார்ச் 31, காலை 6.00

சிரித்தேன்.

பத்தடிக்கு ஆறடி தளம், ஒரு அங்குலக் கனம் என்றால் ஐந்து கன அடி. தேக்கில் அது தொண்ணூறு கிலோ பக்கம் வரும். 407க்கு இது எடையே இல்லை. ஆனால் பர்மாத் தேக்கை ஆணியடித்துச் சேறு மிதிக்க வைப்பதா என்று ஒரு மனசு கேட்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் பார்த்தால் அழுவார். இரண்டாவது, மரம் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டி வைத்துக்கொள்ளும். இவ்வளவு கஷ்டப்பட்டு உப்பை விரட்டிவிட்டு மறுபடி ஈரத்தைக் கூப்பிடாதீர்கள்.

போடத்தான் வேண்டும் என்றால், குறுக்குச் சேனல் மேல் ரப்பர் பட்டை, அதன் மேல் பலகை. பலகைக்குப் பலகை கால் அங்குலம் சந்து. ஆணி வேண்டாம், போல்ட்தான். எந்தப் பலகையையும் பத்து நிமிடத்தில் கழற்ற முடிய வேண்டும்.

ஃபாரம் முப்பத்தொன்று | மார்ச் 31, காலை 10.20

அந்தக் கடைசி வரியை மொத்தப் பின்பக்கத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டு வைத்தால் மாற்றம். கயிறு போட்டுக் கட்டினால் சாமான். சரக்கு வண்டியில் சாமான் ஏற்றலாம். எஃப்.சி.க்குப் போகும் அன்று எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு வெறும் பெட்டியோடு போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஓடும்போது பின்னால் ஆள் உட்காரக் கூடாது. ஆர்.சி.யில் எத்தனை சீட்டோ அத்தனை பேர், அதுவும் கேபினில்.

பின்கட்டுக்காரன் | ஏப்ரல் 27, இரவு 9.45

எஃப்.சி. முடிந்தது! பெயர், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் முடிந்து, சொந்தச் சாமான் ஏற்றப் பர்மிட்டும் கிடைத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கீழே குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "யார் பண்ணினது?" என்று மட்டும் கேட்டார். பரமவீரச் சக்கரம் வாங்கியது போல இருந்தது.

பின்பக்கம் இப்போது இப்படி. தேக்குத் தளம் போல்ட்டில். வளைவுக் கம்பி, மேலே தார்ப்பாய், இது 407க்குப் பழகின சட்டைதான். உள்ளே நாடாக் கட்டில் இரண்டு, மடித்துப் பக்கவாட்டில் கயிறு போட்டுக் கட்டிவிடலாம். தண்ணீருக்கு இருபது லிட்டர் கேன் மூன்று, ஒரு மண்பானை மணல் நிரப்பிய மரப்பெட்டிக்குள். அப்பத்தாவின் பழைய தகரப் பெட்டிதான் சமையல் பெட்டி. மூடி திறந்தால் அதுவே மேசை. பெரிய விஷயம் எதுவும் இல்லை, ஆனால் எல்லாம் வீட்டிலேயே கிடந்தது. விளக்குக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டரி, அதன் முனையிலேயே ஃப்யூஸ்.

கொல்லிமலை இறக்கம் | ஏப்ரல் 28, காலை 7.10

அடுப்பைத் தார்ப்பாய்க்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். குளிர் என்று கரி அடுப்பை உள்ளே வைத்துத் தார்ப்பாயை இழுத்து மூடித் தூங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை. கரியிலிருந்து வரும் அந்த நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

பின்னால் இரட்டை டயர் அல்லவா, கல் ரோட்டை விட்டு ஏறியதும் இறங்கி இரண்டு டயருக்கும் நடுவில் பாருங்கள். ஒரு செம்புறாங்கல் மாட்டிக்கொண்டால் இரண்டு டயரின் பக்கச்சுவரையும் சேர்த்து அறுக்கும். ஒரு கடப்பாரை எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

தொண்டிக் காற்று | ஏப்ரல் 28, காலை 9.00

கடற்கரைக்கு வாருங்கள், ஆனால் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். எங்கள் பக்கம் மணல் மாதிரி தெரியும், அடியில் சேறு. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி, இரண்டு பின்சக்கரத்தையும் சேர்த்துச் சுற்ற வைக்கும் டிஃப் லாக் கிடையாது. ஒரு பக்கம் இறங்கினால் டிராக்டர்தான். இந்த வண்டிக்கு உப்பு போதும்.

அதேபோல் கண்மாய்க் கரைமேல் ஏற்றாதீர்கள். சக்கரத் தடம் விழுந்த இடத்தில்தான் அடுத்த மழைக்குக் கரை உடையும். ஊர்க்காரர்கள் சும்மா விடமாட்டார்கள், விடவும் கூடாது.

பின்கட்டுக்காரன் | ஜூன் 2, இரவு 10.10

முதல் பயணம் முடிந்தது. காடு இல்லை, மலை இல்லை. கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டா, விறகு, வாழை இலைக் கட்டு, நாற்பது நாற்காலி. கொட்டகையைக் காலி பண்ணச் சொன்ன அதே பங்காளி மாமா, "வண்டி சும்மாதானே நிக்குது" என்று சாவியை வாங்க வந்தார். சாவி கொடுக்கவில்லை, நானே ஓட்டினேன். மூன்று நாளில் பதினாறு நடை. அத்தை கேபினில் ஏறி உட்கார்ந்து டேஷ்போர்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "அவர் இங்கேதான் வெற்றிலைப் பெட்டி வைப்பார்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கல்யாணம் முடிந்த மறுநாள் நானும் என் மகனும் பிரான்மலை அடிவாரம் போனோம். ஊரில் கேட்டு, ஒரு தோப்பு ஓரம் நிறுத்தி, வெளியில் அடுப்பு வைத்து உப்புமா. ராத்திரி தார்ப்பாயைச் சுருட்டிவிட்டுக் கட்டிலில் படுத்தோம். பையன் தூங்கிய பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை, இன்ஜின் ஆறும்போது வரும் டிக் டிக் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். போகும் வழியில் டயருக்கு நடுவே நிஜமாகவே கல் மாட்டியது. கடப்பாரை இருந்தது.

செம்மண் சக்கரம் | ஜூன் 2, இரவு 10.30

பாரியின் மலைக்கே போய்விட்டீர்களா! லைட் பார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது அண்ணே.

லேத்துக்கடை | ஜூன் 3, காலை 6.00

சந்தோஷம் தம்பி. பதினாறு நடை லோடு அடித்திருக்கிறீர்களே, பின் ஹப்பைத் தொட்டுப் பார்த்தீர்களா? ஆயில் கசிகிறதா?

பின்கட்டுக்காரன் | ஜூன் 3, இரவு 9.20

இப்போதுதான் பார்த்தேன் அண்ணே. வலது பக்கம் காய்ந்து இருக்கிறது. இடது பக்கம் டிரம் ஓரத்தில் ஈரம். சனிக்கிழமை பிரிக்கிறேன். சீல் அளவு என்ன?